'அடி'ன்னா என்ன? வீரமாமுனிவரைக் கேட்டுப் பார்ப்போம்



போன செமஸ்டர்ல நடந்தது இது. எங்க ஹாஸ்டல்ல பீகார்ல இருந்து வந்த ஃபர்ஸ்ட் இயர் தம்பி ஒருத்தன் இருக்கான். தமிழ் கத்துக்கணும்னு ஒரு சின்ன நோட்டு வாங்கி, காதுல விழுற வார்த்தையை எல்லாம் எழுதி வச்சுக்குவான். ஒரு நாள் என்கிட்ட வந்து 'அடி'ன்னா என்ன அண்ணான்னு கேட்டான். கையை ஓங்கிக் காட்டி, அடிக்கிறதுதான் அடின்னு சொல்லிட்டேன். எழுதிக்கிட்டுப் போயிட்டான்.

ரெண்டே நாள்ல திரும்பி வந்தான். வெயில் அடிக்குதுங்கிறாங்க, காத்து அடிக்குதுங்கிறாங்க, பெல் அடிக்குது, சுவத்துக்குப் பெயின்ட் அடிக்கிறாங்க. ஒருத்தன் எக்ஸாம்ல காப்பி அடிச்சானாம், இன்னொருத்தன் போன் அடிச்சானாம், கேன்டீன்ல உக்காந்து எல்லாரும் அரட்டை அடிக்கிறாங்களாம். மெஸ் அண்ணன் சமயபுரம் போய் மொட்டை அடிச்சுட்டு வந்தாராம். இதுல யார் யாரை அடிச்சாங்கன்னு கேட்டான்.

என்கிட்ட பதில் இல்லை. இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவன் நான். 'டேக்'ங்கிற வினைக்குப் பின்னாடி 'ஆஃப்' வந்தா ஒரு அர்த்தம், 'அப்' வந்தா வேற அர்த்தம்னு பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ண வச்சாங்க. ஆனா பொறந்ததுல இருந்து பேசுற மொழியில ஒரு வினைச்சொல்லை வெளியூர்க்காரனுக்கு எப்படி விளக்கணும்னு எனக்கு யாரும் சொல்லித் தரல. நானும் யோசிச்சது இல்லை. உங்களில் பல பேருக்கும் இதே கதையா இருக்கலாம்.

அதைத் தேடப் போனப்பதான், கிட்டத்தட்ட 300 வருஷத்துக்கு முன்னாடியே, நம்ம திருச்சிக்குப் பக்கத்துலயே ஒருத்தர் இந்த வேலையை உக்காந்து செஞ்சிருக்கார்னு தெரிஞ்சது. அவர் தமிழர் இல்லை, இத்தாலிக்காரர். நமக்கு அவர் வீரமாமுனிவர். ஸ்கூல் தமிழ்ப் புத்தகத்துல அவரைப் பத்தி ரெண்டு மார்க் கேள்விக்குப் பதில் எழுதிட்டு மறந்திருப்போம். இப்போ கொஞ்சம் நிதானமா அவரைப் பார்ப்போம்.

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1680 நவம்பர் 8-ஆம் தேதி வட இத்தாலியில் உள்ள காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தார். 1698-ல் இயேசு சபையில் சேர்ந்தார். குருப்பட்டம் பெற்ற பிறகு லிஸ்பனில் கப்பல் ஏறி 1710-ல் கோவா வந்து இறங்கினார். அடுத்த ஆண்டே மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது முப்பது. நாம வேலைக்குப் போய் செட்டில் ஆகிடுவோம்னு கணக்குப் போடுற வயசுல, அவர் அ, ஆ, இ, ஈ எழுத ஆரம்பிச்சார்.

இப்படி ஆரம்பித்தவர்களில் அவர் முதல் ஆள் இல்லை. 1606-லேயே மதுரைக்கு வந்து தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் படித்தவர் ராபர்ட் டி நொபிலி. அதற்கும் முன்பு, 1580-களில், அதே இயேசு சபையைச் சேர்ந்த ருஜியேரியும் மத்தேயோ ரிச்சியும் சீனாவில் உட்கார்ந்து போர்த்துகீசியம் – சீனம் அகராதி ஒன்றைத் தொகுத்தார்கள். இவர்கள் எல்லோருடைய நோக்கமும் மதம் பரப்புவதுதான். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்த நோக்கத்துக்காக அவர்கள் மொழிக்குள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருந்தது. பெஸ்கி ரொம்ப தூரம் போனார்.

முதலில் பெயர். கான்ஸ்டன்டைன் என்பதில் உறுதி என்ற பொருள் இருக்கிறது. அதைத் தைரியநாதர் என்று மாற்றிக்கொண்டார். பிறகு வீரமாமுனிவர் என்ற பெயர் நிலைத்தது. சுப்ரதீபக் கவிராயரிடம் தமிழ் இலக்கணமும் இலக்கியமும் படித்தார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அவர் நீண்ட காலம் பணி செய்த இடம் ஏலாக்குறிச்சி. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே ஓடுற கொள்ளிடத்தைப் பிடிச்சுக்கிட்டே கிழக்கே போனா அந்த ஊர் வரும். இப்போ அரியலூர் மாவட்டம். ஒரு காலத்துல பழைய திருச்சி மாவட்டத்துக்குள்ள இருந்தது. அங்கிருக்கிற அடைக்கல மாதா கோயில் அவரால் பேர் பெற்றது.

இப்போ அவர் இடத்துல உங்களை வச்சுப் பாருங்க. லத்தீன் தெரியும். வினைச்சொல்லுக்கு வாய்ப்பாடு உண்டுன்னு தெரியும். தமிழுக்கு வர்றீங்க. செய் – செய்தேன். சரி. நட – நடந்தேன். பரவாயில்லை. போ – போனேன். வில் – விற்றேன். சாப்பிடு – சாப்பிட்டேன். வா – வந்தேன். இறந்த காலம் ஒண்ணுதான், ஆனா ஒவ்வொரு வினையும் அதுக்கு ஒவ்வொரு சட்டை போட்டுக்கிட்டு நிக்குது. சீன மொழியில் வினைச்சொல் உருவம் மாறவே மாறாது. நேற்றைக்கும் நாளைக்கும் அதே சொல்தான், பக்கத்தில் ஒரு சின்னத் துணைச்சொல் சேரும், அவ்வளவே. அதனால்தான் இங்கிலீஷ் படிக்கிற சீன மாணவர்களுக்கு 'கோ, வென்ட், கான்' என்பது பெரிய தலைவலி. தமிழ் வினையோ காலத்தோடு நிற்காமல் ஆள், எண், பால் எல்லாத்தையும் ஒரே சொல்லுக்குள் கட்டி வைக்கிறது. வந்தாள் என்றால் போதும், வந்தது ஒரு பெண், ஒருத்திதான், வந்து முடிந்துவிட்டது, பேசுகிறவர் மரியாதை கொடுக்கவில்லை என்பது வரைக்கும் தெரிந்துவிடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. லேப்ல ஒரு பீக்கர் உடைஞ்சுருச்சுன்னு வைங்க. சார்கிட்ட போய் பீக்கர் உடைஞ்சுருச்சு சார்னு சொல்லுவோம். பீக்கரை உடைச்சுட்டேன் சார்னு சொல்ல மாட்டோம். ரெண்டும் ஒரே 'உடை'தான். ஆனா உடைந்தது என்றால் அதுவாக நடந்தது, உடைத்தேன் என்றால் நான் செய்தது. ஓடு – ஓட்டு, ஆடு – ஆட்டு, திரும்பு – திருப்பு எல்லாமே இந்த ஜோடிகள்தான். இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் 'பிரேக்' ஒண்ணே போதும். தமிழ்ல தப்பு யார் மேலன்னு வினைச்சொல்லே சொல்லிடும்!

துணைவினை இன்னும் மோசம். சொல்லிப் பார், சொல்லி வை, சொல்லிவிடு, சொல்லிக் கொடு, சொல்லித் தொலை. அஞ்சுலயும் வேலை சொல்றதுதான். ஆனா 'வை' வந்தா முன்கூட்டியே, 'பார்' வந்தா ஒரு முயற்சி, 'கொடு' வந்தா பாடம், 'தொலை' வந்தா எரிச்சல். அகராதியில வை, பார், தொலைன்னு தனித்தனியா தேடினா இது கிடைக்காது. ஜனங்க பேசுறதைக் கேட்டாத்தான் கிடைக்கும்.

பெஸ்கி கேட்டார். கேட்டதால் ஒரு விஷயம் அவருக்குப் புரிந்தது. புத்தகத்தில் இருப்பது ஒரு தமிழ், தெருவில் இருப்பது இன்னொரு தமிழ். ஒன்றைப் படித்தால் மற்றது தானாக வராது. அதனால் இரண்டுக்கும் தனித்தனியாக லத்தீனில் இலக்கணம் எழுதினார். 1728-ல் கொடுந்தமிழுக்கு, அதாவது பேச்சு வழக்குக்கு. அதன் பிறகு செந்தமிழுக்கு. தமிழ்ப் புலவர்களுக்காகத் தமிழிலேயே தொன்னூல் விளக்கம் என்ற இலக்கணத்தையும் எழுதினார். தேம்பாவணி என்று 3615 பாடல்கள் கொண்ட காப்பியம் பாடியவர் அவர். அவ்வளவு உயரமான தமிழ் கைக்கு வந்த பிறகும், சந்தையில் பேசுகிற தமிழுக்கும் விதிகள் இருக்கின்றன, அதையும் எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்தாரே, அதைத்தான் நான் அவருடைய பெரிய வேலை என்று சொல்வேன். பேச்சுத் தமிழ்னா கொச்சை, அதுக்கு என்ன இலக்கணம்னு இன்னைக்கும் கேக்குறவங்க இருக்காங்க இல்லையா?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தரங்கம்பாடியில் இருந்த லுத்தரன் மிஷனரிகளுக்கும் பெஸ்கிக்கும் கடுமையான சண்டை. அவர்களை மறுத்துத் தமிழில் புத்தகங்களே எழுதினார், அவையும் ரொம்பக் காரம். ஆனால் அவருடைய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-ல் எங்கே அச்சானது தெரியுமா? அதே தரங்கம்பாடியில், அதே லுத்தரன்களின் அச்சகத்தில். கொள்கையில் சண்டை போடலாம். ஆனா வந்தான், வந்தாள், வந்ததுன்னு சொல்லத் தெரியாம சண்டை கூடப் போட முடியாதே!

அடுத்து 1732-ல் சதுரகராதி. நம்ம பாஷையில் சொன்னா, ஒரே டேட்டாபேஸுக்கு நாலு இன்டெக்ஸ். அதுக்கு முன்னாடி தமிழில் இருந்தவை திவாகரம், பிங்கலம், சூடாமணி போன்ற நிகண்டுகள். பாட்டாக இருக்கும், முழுவதையும் மனப்பாடம் செய்தால்தான் தேடவே முடியும். பெஸ்கி சொற்களை அகர வரிசையில் அடுக்கினார். பெயர் பகுதியில் ஒரு சொல்லுக்கு என்னென்ன பொருள் என்று பார்க்கலாம். பொருள் பகுதியில் ஒரு பொருளுக்கு என்னென்ன சொற்கள் என்று தலைகீழாகப் பார்க்கலாம். தொகை பகுதியில் முக்கனி மாதிரி தொகுதியாக வருபவை. தொடை பகுதியில் பாட்டு எழுதுகிறவர்களுக்கு எதுகைச் சொற்கள். நாலு பகுதி இருப்பதால் சதுர் அகராதி. மனப்பாடம் பண்ணாதவனும் ஒரு சொல்லைத் தேடி எடுக்கலாம் என்ற வசதி தமிழுக்கு இப்படித்தான் வந்தது.

நாம தினமும் டைப் பண்ற எழுத்திலும் அவர் கை இருக்கிறது. அந்தக் காலத்தில் எகர ஒகரக் குறில்களுக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும், நெடிலுக்குப் புள்ளி கிடையாது. ஆனால் ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பல பேர் வைக்கவே மாட்டார்கள். அப்போ ஒடி என்று எழுதியிருக்கா, ஓடி என்று எழுதியிருக்கா? குச்சியை ஒடிக்கணுமா, நாம ஓடணுமா? இந்தக் குழப்பம் தீர, நெடிலுக்கு ஏ, ஓ என்று தனி வடிவமும், கே, கோ போன்றவற்றில் இரட்டைச் சுழிக் கொம்பும் வருவதற்குக் காரணம் அவர்தான் என்று சொல்கிறார்கள். வெளியே இருந்து வந்து படிக்கிறவனுக்குத்தான் எங்க இடறுதுன்னு தெரியும்.

சரி, திருச்சிக்கு வருவோம். 1736-ல் மீனாட்சி ராணியிடமிருந்து திருச்சிக் கோட்டையைச் சந்தா சாகிப் கைப்பற்றினார். பெஸ்கி அவரைச் சந்தித்து நட்பானார். அவரிடம் பேசுவதற்காகவே மூன்று மாதத்தில் பாரசீகம் கற்றார், சந்தா சாகிப் அவருக்குப் பல்லக்கு கொடுத்தார், திவான் ஆக்கினார் என்றெல்லாம் பழைய வரலாறு சொல்கிறது. திவான் கதையை இன்றைய ஆய்வாளர்கள் பலர் நம்புவதில்லை. ஆனால் அந்தக் காலத் திருச்சியில் ஓர் ஆள் எத்தனை மொழிகளுக்கு நடுவில் வாழ வேண்டியிருந்தது என்பது மட்டும் இந்தக் கதைகளில் தெரிகிறது. 1741-ல் மராத்தியர் திருச்சியைப் பிடித்து, சந்தா சாகிப்பைச் சிறைப்படுத்திச் சதாராவுக்குக் கொண்டுபோனார்கள். பெஸ்கி அதற்குள் தெற்கே போய்விட்டார். சந்தா சாகிப் விடுதலையாகி மறுபடி வந்தார். 1752-ல் பிரெஞ்சுப் படையோடு ஸ்ரீரங்கம் தீவில் முற்றுகைக்குள் சிக்கி, சரணடைந்து, கொல்லப்பட்டார். அவருடைய கல்லறை இன்னும் திருச்சி நத்தர்வலி தர்காவில் இருக்கிறது. பெஸ்கி அந்த முடிவைப் பார்க்கவில்லை. 1747 பிப்ரவரி 4-ஆம் தேதி கேரளத்து அம்பழக்காட்டில் காலமாகிவிட்டார்.

அவர் இறந்த பிறகு எழுதியவை பல ஓலைகளாக ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தன. 1812-ல் கம்பெனி அதிகாரிகள் இங்குள்ள மொழிகளைப் படிக்கச் சென்னையில் ஒரு கல்லூரி தொடங்கியது. அதன் பின்னால் இருந்த எல்லிஸ், முத்துசாமிப் பிள்ளை என்பவரைத் தெற்கே அனுப்பி அந்த ஓலைகளைத் தேடச் சொன்னார். முத்துசாமிப் பிள்ளை வீரமாமுனிவரின் வரலாற்றையும் தமிழில் எழுதினார். 1822-ல் பாபிங்டன் என்ற அதிகாரி, செந்தமிழ் இலக்கணத்தை இங்கிலீஷில் வெளியிட்டார். அதே ஆண்டு லண்டனில் இன்னொரு சின்னப் புத்தகத்தையும் வெளியிட்டார். தமிழ்க் கதை, இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு, சொற்பட்டியல், முதல் கதைக்குச் சொல் சொல்லாகப் பகுப்பாய்வு. அதுதான் பரமார்த்த குருவின் கதை.

ஆமா, சின்ன வயசுல நாம சிரிச்சுச் சிரிச்சுப் படிச்ச அதே கதைதான். பேச்சுத் தமிழ் பழகுறவங்களுக்கு வாசிப்புப் பாடமாத்தான் பெஸ்கி அதை எழுதினார், லத்தீன் மொழிபெயர்ப்போடு. விதி சொன்னா மண்டையில ஏறாது, சிரிச்சுக்கிட்டே படிச்சா வினைச்சொல் தானா உள்ள போகும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

இதை எல்லாம் படிச்சுட்டு நான் திரும்பிப் பார்த்தது என்னோட தமிழைத்தான். வாஷ் பண்ணுன்னு சொல்றோம். துணின்னா துவைக்கணும், கைன்னா கழுவணும், பாத்திரம்னா விளக்கணும், அரிசின்னா களையணும், சோப்பு போகத் தண்ணியில முக்கி எடுத்தா அது அலசுறது. அஞ்சு வினை. அஞ்சுக்கும் கையோட அசைவு வேற வேற. 'வாஷ் பண்ணு' வந்து அஞ்சையும் சாப்பிட்டுடுச்சு. அரிசி களையுறதுன்னு எங்க பாட்டி சொன்னப்போ, நான் என்னன்னு கேட்டேன். பீகார் தம்பி நோட்டை வச்சுக்கிட்டுக் கேக்குறான், நான் நோட்டு கூட இல்லாம கேட்டேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

இதுக்காகப் 'பண்ணு' மேல பழி போட நான் வரல. அது நல்ல தமிழ்ச் சொல்தான். ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்து ஆழ்வார் பாசுரங்களுக்கு மணிப்பிரவாளத்தில் உரை எழுதிய ஆசாரியர்களும் வடமொழிச் சொல்லோடு 'பண்ணி' சேர்த்துத்தான் எழுதினார்கள். கலப்பு நமக்குப் புதுசில்லை. ஆனா அவங்களுக்குக் கூடவே நூத்துக்கணக்கான தமிழ் வினைகள் கையில இருந்தது. எது வேணுமோ அதை எடுத்துக்கிட்டாங்க. நம்மகிட்ட பல சமயம் 'பண்ணு' ஒண்ணுதான் மிச்சம் இருக்கு.

பரமார்த்த குருவும் சீடர்கள் அஞ்சு பேரும் ஆத்தைக் கடந்து கரையேறுற கதை ஞாபகம் இருக்கா? எல்லாரும் வந்துட்டோமான்னு ஒருத்தன் எண்ணுவான். தன்னை விட்டுட்டு எண்ணுவான். அஞ்சுதான் வரும். அடுத்தவன் எண்ணினாலும் அஞ்சுதான். ஆறு ஒருத்தனை விழுங்கிடுச்சுன்னு ஒரே அழுகை. கடைசியில வழிப்போக்கன் ஒருத்தன் கையில தடியோட வந்து, ஒவ்வொருத்தன் முதுகிலயும் ஒண்ணு போட்டுக் கணக்கெடுக்கச் சொல்ல, ஆறு பேரும் சரியா இருப்பாங்க.

நாமளும் அப்படித்தான் எண்ணிக்கிட்டு இருக்கோம். ரெஸ்யூம்ல தெரிஞ்ச மொழிகள்னு எழுதுறப்போ இங்கிலீஷ், கொஞ்சம் ஹிந்தி, ஜாவா, பைத்தான், சி ப்ளஸ் ப்ளஸ். தமிழ்னு எழுதுறப்போ மட்டும் கை ஒரு நொடி நிக்குது. படிப்பேன்னு போடலாமா, எழுதுவேன்னு போடலாமா? என் முதுகுல விழுந்த தடி அந்தப் பீகார் தம்பியோட கேள்விதான்.

இப்போ அவன் நோட்டுல 'அடி'க்கு ஒரு முழுப் பக்கம் இருக்கு. வெயில், காத்து, பெல், பெயின்ட், காப்பி, அரட்டை, மொட்டைன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாக்கியம். அர்த்தம்னு தனியா எதுவும் எழுதல, எப்படிப் பேசுறோமோ அப்படியே எழுதி வச்சிருக்கோம். அடுத்த பக்கம் 'பிடி'. பஸ் பிடிக்கிறது, ஜலதோஷம் பிடிக்கிறது, ஒருத்தரைப் பிடிக்கிறதுன்னு ஏழுல நிக்குது. எட்டாவது உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, எழுதிக்கிறோம்.